சக்களத்திப் பெட்டி

எனக்குச் சக்களத்தி வந்தது எண்பத்தைந்தாம் வருஷம், குளிர் விட்டுக்கொண்டிருந்த மார்ச் மாதக் கடைசியில். ஜீப்பில் என் வீட்டுக்காரர் மடியில் உட்கார்ந்து வந்தாள். ஆளைப் பார்த்தால் ஒன்றுமில்லை. கறுப்பு நிறத்தில் ஒரு தகரப் பெட்டி, மேலே வரிசையாகப் பட்டன். கல்யாணமான புதிதில் தாண்டிக்குடி ரோட்டு வளைவுகளில் எனக்குக் குடலைப் புரட்டியபோது, ஜன்னல் பக்கம் தலையை நீட்டிக்கொள் என்று சொன்னதோடு சரி இந்த மனிதர். அந்தப் பெட்டியை ஒரு குலுங்கல் படாமல் ஏந்திக்கொண்டு வந்து இறங்கினார். அன்றைக்கே எனக்கு அதைப் பிடிக்கவில்லை.

பெட்டிக்குப் பெயர் சீக்வென்சர். என் வீட்டுக்காரர் செபாஸ்டினுக்கு, வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. அங்கே ஹாலில் லைட்டும் மைக்கும் அவர் பொறுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்து மியூசிக் வாத்தியாரான வெள்ளைக்காரர் ஊர் திரும்புமுன் ஒரு கச்சேரி நடத்தினாராம். இரண்டு கீபோர்டுகளையும் இந்தப் பெட்டியோடு வயரில் கோத்துவிட்டு, ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு மேடையில் உலாத்தினாராம். கீபோர்டுகள் தாமாகவே வாசித்தனவாம். அவ்வப்போது வந்து ஒரு குமிழைத் திருகுவாராம், சத்தம் குழைந்து வேறாகுமாம். இதைச் சொல்லும்போது செபாஸ்டின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய் சாப்பிடவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு இதே மனிதர் ஒரு தட்டு பஜ்ஜியைக் காலி பண்ணிவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வாத்தியார் கிளம்பும்போது சாமான்களை ஒழித்துக்கட்டினார். பெட்டியும் ஒரு கீபோர்டும் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

நாங்கள் மூன்று பேர் 'லேக் எக்கோஸ்' என்று ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தோம். கஸ்பார் பாட்டு, மற்ற நாளில் எஸ்டேட் ஜீப் ஓட்டுவார். செபாஸ்டின் கிடார். நான் கீபோர்டு. உள்ளதைச் சொன்னால் கிடார் இல்லாமல் எங்கள் கச்சேரி நடக்கும், கீபோர்டு இல்லாமல் நடக்காது. கான்வென்ட் சிஸ்டர்கள் சிறுவயதிலேயே என்னை ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கோயிலில் வாசிப்பது நான்தான். வார நாளில் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணம், திருவிழா என்று கச்சேரிகள் வரும். மே மாதம் சீசன் வந்தால் ஏரிப் பக்கத்து ஹோட்டலில் சாயங்காலம்தோறும் வாசிப்போம். மேடையில் இடது பக்கம் என் நாற்காலி. அதில் உட்கார்ந்தால்தான் நான் லீமா. மற்ற நேரமெல்லாம் டீச்சர், மதினி, செபாஸ்டின் வீட்டம்மா.

அந்தப் பெட்டி சத்தத்தைப் பிடிக்காது. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம், எவ்வளவு நேரம் அழுத்தினோம், ஓங்கியா மெதுவாகவா என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு அதை அப்படியே கீபோர்டுக்குச் சொல்லும், கீபோர்டு வாசிக்கும். கட்டை அசையாது, பாட்டு மட்டும் வரும். கரண்டை நிறுத்தினால் பெட்டிக்கு எல்லாம் மறந்துபோகும். அதனால் பாட்டு முடிந்ததும் ஒரு கேசட்டில் ஏற்றி வைத்துக்கொண்டு, வேண்டும்போது கேசட்டிலிருந்து பெட்டிக்கு இறக்க வேண்டும். செபாஸ்டினுக்கு இந்தப் பட்டன் வேலையெல்லாம் அத்துப்படி. வாசிக்கத்தான் தெரியாது. அதற்கு நான் இருந்தேன்.

"நீ வாசி, அது புடிச்சுக்கிரும். மேடையில ஒனக்குப் பாதிச் சோலி மிச்சம்" என்றார்.

பெட்டி துணைக்கு வாசிக்கும், நான் இரண்டு கையாலும் ராகத்தில் விளையாடலாம் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து காபியைக் குடித்ததும் உட்கார்ந்துவிடுவேன். முதலில் அடிநாதம் மட்டும். அது ஓட ஓட அதன் மேல் துணைச் சுரங்கள். அப்புறம் புல்லாங்குழல் மாதிரி மேலே ஒரு வரி. சீசனுக்கு வேண்டிய பாட்டு அத்தனையும் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்துக் கொடுத்தேன். ஏப்ரல் மாதம் முழுக்க என் வீட்டு அடுப்பில் குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

இதற்குள் அவர் அந்தப் பெட்டியைத் தாங்கிய தாங்கு இருக்கிறதே! பனியில் ஈரம் ஏறிவிடும் என்று அடுப்படி அலமாரியில் வைத்து, என் கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்தினார். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அடுப்பு ஊதினேன். என் தலையில் பூ இருக்கிறதா இல்லையா என்று ஒருநாள் கவனித்தவரில்லை. பட்டன் இடுக்கில் தூசி இருப்பது மட்டும் கண்ணில் படும், சின்ன பிரஷ்ஷால் துடைப்பார். வாய்விட்டுச் சொல்கிறேன், எனக்குக் காதில் புகை வந்தது. ஒரு பொம்பளை வந்திருந்தால் முடியைப் பிடித்து இழுத்தாவது ஆறியிருப்பேன். இதை எதைப் பிடித்து இழுப்பது?

ஒத்திகைக்குக் கஸ்பார் வந்தபோது முதல் வம்பு வந்தது. எங்கள் கோயிலுக்கு ஜனங்கள் மேடு ஏறித்தான் வர வேண்டும், வரும்போதே மூச்சு வாங்கும். அவர்களோடு பாடிப் பாடி, ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு இழை நின்று, அவர்கள் மூச்சை இழுத்துக்கொண்ட பிறகு அடுத்த வரிக்குப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கணக்குப்படி பார்த்தால் அது தப்பு. பெட்டியில் தப்பைத் திருத்த ஒரு பட்டன் உண்டு. செபாஸ்டின் அதை அழுத்தி என் வாசிப்பு முழுவதையும் கோடு போட்ட மாதிரி நேராக்கி வைத்திருந்தார். கஸ்பார் அதோடு பாடினார். இரண்டாவது சரணத்தில் முகம் சிவந்து, பாட்டை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"மதினி வாசிச்சா மூச்சு விட எடங் கெடைக்கும். இது ஆளத் தொரத்துது" என்றார்.

திருத்தும் பட்டனைத் தொடாமல் எல்லாப் பாட்டையும் மறுபடி வாசிக்கச் சொன்னார் செபாஸ்டின். வாசித்தேன். இப்போது என் கை மட்டுமில்லை, நான் நிற்கிற நிறுத்தமும் உள்ளே போய்விட்டது. அன்றைக்கு அதைப் பெருமையாக நினைத்தேனே, என் புத்தியை என்ன சொல்வது.

சீசன் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஹோட்டலுக்குப் பேசப் போய்விட்டு வந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆற்ற வேண்டிய சூடு அதில் இல்லை. பிறகு மெதுவாக விஷயம் வந்தது. ஹோட்டல் மேனேஜர் சுவாமிநாதன் வாசலில் 'கம்ப்யூட்டர் இன்னிசை' என்று போர்டு எழுதிவிட்டாராம். மேடை நடுவில் பெட்டி, பக்கத்தில் செபாஸ்டின், முன்னால் கஸ்பார். கீபோர்டில் ஒரு அம்மா உட்கார்ந்து வாசித்தால் கம்ப்யூட்டர் வாசிக்கிறது என்று எவன் நம்புவான் என்று கேட்டாராம். அதனால் இந்த சீசனுக்கு மட்டும் நான் வீட்டில் ஓய்வாக இருக்கலாமாம்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சீசன் முடிந்த பிறகு என் நாற்காலி எனக்கு உண்டா? அவர் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வருஷம் முழுக்கச் சனி ஞாயிறு வாசிக்க ஹோட்டலில் ஒப்பந்தம் போடப்போகிறார்கள் என்றும், கடைசிக் கச்சேரியைப் பார்த்துவிட்டு மேனேஜர் முடிவு சொல்வார் என்றும் சொன்னார். கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

முதல் நாள் கச்சேரிக்குப் போனேன். போகாமல் இருக்க நான் என்ன மரமா. சர்வர்கள் வந்து போகிற கிச்சன் கதவோரம் நின்றுகொண்டேன். கோட்டும் டையுமாக செபாஸ்டின் பட்டனைத் தட்டினார். கட்டை அசையவில்லை, பாட்டு வந்தது. அவர் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு உலாத்தினார். அப்புறம் வந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு குமிழைத் திருகினார். கஸ்பார் வரி முடிவில் மூச்சு இழுக்க, பாட்டு அவருக்காக ஒரு இழை நின்றது. அது நான். என் விரல், என் நிறுத்தம், நான் சோறு பொங்காமல் உட்கார்ந்த சாயங்காலங்கள். என் கை அங்கே வாசித்துக்கொண்டிருந்தது, நான் இங்கே கட்லெட் தட்டுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் மெட்ராஸ் அம்மா ஒருத்தி, மிஷினாக இருந்தும் வாசிப்பில் எவ்வளவு உணர்ச்சி பாருங்கள் என்று தன் வீட்டுக்காரரிடம் உருகினாள். கைதட்டல் வந்தது. செபாஸ்டின் பெட்டியைக் கையால் காட்டிவிட்டு, பிறகு தன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"நீ வாசிச்சதுதான லீமா? நீ பெருமப்படணும்" என்றார்.

"பெருமைய நீங்க அங்கயே வாங்கி முடிச்சுட்டீங்க. எனக்குன்னு மிச்சம் எதையும் கொண்டாரலையே" என்றேன்.

பொம்பளைக்கு இவ்வளவு பொறாமை ஆகாது என்றார். ஆமாம், பொறாமைதான் என்றேன். அதற்கப்புறம் நாங்கள் உப்பு, புளி, மண்ணெண்ணெய் தவிர வேறு எதையும் பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் அவர் வேலைக்குப் போன பிறகு கேசட்டைக் கையில் எடுத்தேன். அடுப்பில் விறகு நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. போட்டால் ஒரு நிமிஷ வேலை, அவள் ஊமையாகிவிடுவாள். ஆனால் எரியப்போவது யார்? நான்தானே. எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, மனசார அவளை ஒரு திட்டுத் திட்டிவிட்டு அரிசி களையப் போனேன்.

மலர்க் கண்காட்சி முடிகிற அன்று கடைசிக் கச்சேரி. ஹால் நிரம்பி வழிந்தது. முன் மேஜையில் மேனேஜரும் அவருக்கு வேண்டிய கோயம்புத்தூர் மில்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கம்போலக் கிச்சன் கதவோரம். மத்தியானத்திலிருந்தே மழை. இரண்டாவது பாட்டு நடக்கும்போது மலை அதிர ஒரு இடி, கரண்ட் போய்விட்டது. ஹோட்டலில் ஜெனரேட்டர் உண்டு, வெரசாகப் போட்டுவிட்டார்கள். விளக்கு வந்தது, மைக் வந்தது, கீபோர்டு வந்தது. பெட்டிக்கு மட்டும் எல்லாம் மறந்துவிட்டது.

செபாஸ்டின் கேசட்டை டேப்ரெக்கார்டரில் போட்டுப் பெட்டிக்கு இறக்கப் பார்த்தார். அன்று சாயங்காலமே தட்டுத்தடுமாறித்தான் ஏற்ற பெட்டி, இப்போது ஏற்கவே இல்லை. திருப்பிப் போட்டார், தட்டிப் போட்டார், கோட்டில் துடைத்துப் போட்டார். எங்கள் ஊர்ப் பனியில் கேசட்டுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். கஸ்பார் ஏதோ ஜோக் சொல்லி ஜனங்களைப் பிடித்து வைத்தார். செபாஸ்டின் வேர்த்த முகத்தோடு கிச்சன் கதவுக்கு வந்தார்.

"கேசட்ட என்ன பண்ணுன நீ?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

எரிக்கத் தோன்றியும் எரிக்காமல் வைத்தவளைப் பார்த்து இந்தக் கேள்வி. நான் தொடவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் கேசட்டை விளக்கில் தூக்கிப் பார்த்தார். நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தது. குரல் பொசுக்கென்று இறங்கிவிட்டது.

"வந்து உக்காரு லீமா. ஒன் எடந்தான" என்றார்.

கிச்சனிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானே மேடை ஏறினேன். நான் கட்டையில் கை வைக்குமுன் அவர் பெட்டியின் பட்டனைத் தட்டினார். உள்ளே ஒரு சுரமும் இல்லை; ஆனால் ஓடத் தொடங்கியதும் தாளத்துக்கு மினுக்குகிற சிவப்பு விளக்கு அதற்கு உண்டு. அது வெறுமனே மினுக்கத் தொடங்கியது. சும்மா இருக்கட்டும், பார்க்கிறவர்களுக்கு என்று காதில் சொன்னார். அந்த நேரத்து சந்தோஷத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசித்தேன். அந்த சீசன் முழுக்கப் பட்டினி கிடந்த கை. விளக்கு ஒரு கணக்கில் மினுக்கியது, நான் என் கணக்கில் போனேன். கஸ்பார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், வழக்கத்தைவிட நீளமாக ஒரு ஆலாபனை இழுத்தார். நானும் விடாமல் கூடவே போனேன். எந்தப் பெட்டியும் அப்படிக் கூடப் போகாது. பாட்டு முடிந்தபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

மில்காரர் மேடையோரம் எழுந்து வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தார். முன்னைக்கு இப்போது பிரமாதமாக வாசிக்கிறதே, கரண்ட் போய் வந்ததில் சூடு பிடித்துவிட்டதா என்று கேட்டார். அப்புறம் என்னைக் கண்ணால் காட்டி, இந்தம்மா எதற்கு என்றார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, மேடைக்கு ஒரு லட்சணம் வேண்டாமா, வருஷம் முழுக்க இப்படியே உட்கார வைத்துவிடலாம் போலிருக்கிறது என்றார்.

செபாஸ்டின் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். நான் அவர் வாயையே பார்த்தேன். இரண்டே வார்த்தை போதும்.

"ஜப்பான்காரன் மூள சார் அது" என்றார் அவர்.

நாற்காலி கிடைத்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் பூச்சாடி மாதிரி வருஷம் முழுக்க உட்காரலாம். வாசிப்பது நான், பெயர் அவளுக்கு. இதற்குக் கிச்சன் கதவே மேல் என்று தோன்றியது.

கஸ்பார் அடுத்த பாட்டை எடுத்தார். பல்லவி முடிகிற வரை ஒழுங்காக வாசித்தேன். சரணம் தொடங்கும் இடத்தில் இரண்டு கையையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

பாட்டு நின்றது. பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் தன் பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கஸ்பார் ஒரு வரி தனியாகப் பாடிவிட்டு நிறுத்தினார். ஹாலில் எல்லார் கண்ணும் பெட்டியின் மேல் போனது, என் மேல் ஒருத்தர் கண்ணும் இல்லை. செபாஸ்டின் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லுங்கள் என்று உதட்டை அசைத்தேன். அவர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"மன்னிக்கணும். மிஷின்ல ஒரு சின்னக் கோளாறு" என்றார்.

ஹால் முழுக்க 'ச்சொ' என்றது. பெட்டிக்காக அத்தனை பேர் பரிதாபப்பட்டார்கள். எனக்குத் தெரிந்து என் வாசிப்புக்காக என் வீட்டுக்காரர் மனசில் ஒருநாளும் அப்படி ஒரு சத்தம் எழுந்ததில்லை. எழுந்தேன். கஸ்பார் தாமாகவே ஒதுங்கித் தன் மைக்கை என் பக்கம் திருப்பினார். மேடையில் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கோளாறு ஒண்ணும் இல்லங்க. இத்தன நாளும் நீங்க கேட்ட மிஷினு நாந்தான். எனக்குக் கோவம், அதான் நின்னுருச்சு" என்றேன்.

ஒருத்தருக்கும் முதலில் புரியவில்லை. நான் குனிந்து பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. நின்றபடியே, விட்ட சரணத்தை விட்ட இடத்திலிருந்து வாசித்தேன், ஒரு கையால் அடிநாதம், ஒரு கையால் ராகம். வரி முடிவில் ஒரு இழை நின்றேன். சீசன் முழுக்க அங்கேயே தங்கியிருந்த அந்த மெட்ராஸ் அம்மாவுக்குத்தான் முதலில் உறைத்தது போல, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கைதட்டல் மேஜை மேஜையாக எழுந்து வந்தது. கஸ்பார் தட்டினார். கிச்சன் கதவில் தட்டோடு நின்ற சர்வர், தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தட்டினார். மில்காரர் தட்டினார், அவர் தட்டுவதைப் பார்த்து மேனேஜரும் தட்டினார்.

தட்டாமல் நின்றவர் ஒருத்தர்தான். செபாஸ்டின் கோட்டுப் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, என்னைக் கும்பிட்டுக் கூத்தாடுகிற அந்த ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை அது, வெட்கமும் இல்லை. உதடு ஓரத்தில் லேசாக இறங்கி, கண் சுருங்கி, விழுங்க முடியாததை விழுங்குகிற முகம். அது என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தினமும் கண்ணாடியில் பார்த்து அந்த முகத்தைத்தான் நான் கழுவிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இரக்கம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த பாட்டு எந்தச் சுருதியில் வேண்டும் என்று கஸ்பாரிடம் கேட்டேன்.